தனி உலை

ஜெனூபாவுக்கு நியமனக் கடிதம் வந்தது 2020 செப்டெம்பரில். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் எடுத்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருடமும் பாலர் பாடசாலை ஒன்றில் படிப்பித்தாள். வேலையற்ற பட்டதாரிகள் சங்கத்தோடு அம்பாறைக்குப் போய்க் கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வெயிலில் உட்கார்ந்தாள். இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டு, வீடு சின்னது என்று போய்விட்டார்கள்.

முந்தின வருடக் கடைசியில் வந்த புதிய அரசாங்கம் வரிகளைக் குறைத்திருந்தது. பெறுமதிசேர் வரி பதினைந்து வீதத்திலிருந்து எட்டுக்கு இறங்கியது. அடுத்த வருடம் பட்டதாரிகளை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தது. வருமானத்தைக் குறைத்துக்கொண்டு செலவைக் கூட்டுகிற அரசுக்கு என்ன நடக்கும் என்று அரசின் வரவுசெலவைப் பற்றிய இறைக்கொள்கைப் பாடத்தின் இறுதிப் பரீட்சையில் ஜெனூபா நாலு பக்கம் எழுதியிருந்தாள். பற்றாக்குறை, கடன், பணம் அச்சிடுவது, விலையேற்றம், பிறகு எல்லாம் சேர்ந்து குலைவது. வரைபடமும் கீறியிருந்தாள். நல்ல புள்ளி கிடைத்தது. நியமனக் கடிதத்தைப் பிரித்த அன்று அந்த நாலு பக்கத்தில் ஒரு வரிகூட அவளுக்கு நினைவு வரவில்லை.

கடிதம் வந்து மூன்றாம் மாதம் அஸ்ஹர் வீட்டார் வந்தார்கள். அஸ்ஹர் சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில் இயந்திரம் பார்ப்பவன். வீட்டின் அளவைப் பற்றி இந்த முறை ஒருவரும் கதைக்கவில்லை. கலியாணம் முடிந்தது.

பதவியின் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் அந்தப் பெயரோடு ஏற்கெனவே நாற்பது பேர் இருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குக் கதிரை இல்லை. முதல் ஆறு மாதம் அவர்கள் மண்டபத்தில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். முதலில் வருகிறவர்களுக்கு இடம், பிந்தி வருகிறவர்களுக்குச் சுவர். நிர்வாக உத்தியோகத்தர் நேசரட்ணம் காலையில் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் அபிவிருத்தியாயிருக்கிறீங்களா?" என்று கேட்பார். சிரிப்பார்கள். சம்பளம் இருபத்தைந்தாம் திகதி சரியாக வந்தது.

2021 சித்திரைக்குப் பிறகு வேலை வந்தது. இரசாயனப் பசளை இனி நாட்டுக்குள் வராது, குப்பையும் சாணமும் மக்கவைத்துச் சேதனப் பசளை செய்யுங்கள் என்று வயற்காரரிடம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பணம் மிச்சமாகும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. ஜெனூபா அதை நம்பினாள். டொலர் தட்டுப்பாடு இருக்கும்போது இறக்குமதியைக் குறைப்பது அவள் படித்ததோடு ஒத்துவந்தது. வயற்கரைகளில் கூட்டம் வைத்தாள். ஒருவர் கடைசி வரையில் இருந்து கேட்டுவிட்டு எழும்பி, "மிஸ், நீங்க சொன்ன எல்லாம் விளங்கிச்சு. பயிருக்கு ஆர் சொல்லுற?" என்றார். அந்தப் பெரும்போகத்தில் ஏக்கருக்கு வழக்கமாக வருகிற மூடைகளில் பாதிகூட வரவில்லை. அஸ்ஹரின் ஆலையில் இரவு வேலை நின்றது, பிறகு பகலிலும் மூன்று நாள்தான். அவன் அவளை ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் வைத்த நாட்களில் பிடித்த படங்களை மட்டும் அவள் தொலைபேசியிலிருந்து அழித்துவிட்டான்.

அடுத்த வருடம் சித்திரையில், வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. பரீட்சையில் எழுதிய நாலு பக்கமும் வரி வரியாக நடந்தது. ஆனியில் வெள்ளிக்கிழமைகளில் கந்தோருக்கு வரவேண்டாம், வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்றார்கள். பிறகு, சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாட்டுக்குப் போய் உழைக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. செயலகத்தில் ஆறு பேர் போனார்கள். ஜெனூபா கைக்குழந்தைக்காரி. போகவில்லை.

அவளுடைய வளவுக்கு அடுத்த வளவு ஸுஹைறாவுடையது. இரத்த உறவில்லை. சின்ன வயதிலிருந்து சாச்சி என்று கூப்பிட்ட பழக்கம். வயது அறுபத்துமூன்று. புருஷன் மவுத்தாகிப் பதினொரு வருடம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டை மகள் றிஸ்லாவின் கலியாணத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸுஹைறா பின்பக்கம் குசினியோடு ஒட்டி இறக்கிய ஓர் அறைக்கு மாறினாள். இந்தப் பக்கத்தில் எல்லாத் தாய்மாரும் செய்வது அதுதான். மகளுக்கு வீடு, மருமகன் அந்த வீட்டுக்கு வந்து இருப்பான், தாயும் தகப்பனும் பின்னால் ஒதுங்குவார்கள். உலை மட்டும் ஒன்றாக இருக்கும். மருமகன் உழைப்பில் மாமியார் சாப்பிடுவதுதான் மருமகனுக்கு மரியாதை.

மருமகன் ஸஹீத் ஓட்டோ ஓடினான். அவனுக்கும் றிஸ்லாவுக்கும் ஒரு சின்னப் பிள்ளை. ஸுஹைறா கடற்கரையில் கருவாட்டு வாடியில் மீன் வெட்டினாள். கூலியை மகளிடம் கொடுப்பாள். சமுர்த்தி என்று அரசாங்கம் ஏழைகளுக்குக் கொடுக்கிற உதவிக் காசில் தன்னுடைய பிரஷர் மாத்திரைக்கு எடுத்துக்கொள்வாள். கிளினிக்கில் மாத்திரை முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

2022 ஆவணியில் மண்ணெண்ணெய்க்கான மானியத்தை எடுத்தார்கள். எண்பத்தேழு ரூபாவாக இருந்த லீற்றர் முந்நூற்று நாற்பது ஆனது. தோணிகள் கரையில் கிடந்தன. வாடியில் வெட்ட மீன் இல்லை. ஸஹீத்துக்கு வாரக் கோட்டா பெற்றோல் மூன்று நாளைக்குக் காணாது. அரிசி ஏறியது, தேங்காய் ஏறியது. ஒரு நாள் பகல் றிஸ்லா மூன்று பேருக்கு ஆக்கி, நாலு சோற்றுக் கோப்பையில் போட்டாள். ஸஹீத் தன் கோப்பையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டான். அதற்கடுத்த நாள் ஸுஹைறா பின்சுவருக்கு அருகில் மூன்று கல்லை வைத்துத் தனக்கென்று உலை ஏற்றினாள்.

"கேஸ்ற்றிக் கூடிப்போச்சு மகன். காரம் ஒத்துக்கொள்ளுதில்ல. நான் எனக்கு உப்புக்கஞ்சி காய்ச்சிக்கிறன்" என்று ஸஹீத்திடம் சொன்னாள்.

"ஓம் மாமி, டாக்டர் சொன்னாக் கேக்கத்தானே வேணும்" என்றான் ஸஹீத்.

டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் அதை வெளியில் எடுக்கவில்லை. மாலைகளில் ஜெனூபா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலி இடைவெளியால் வருவாள். அந்த மூன்று கல்லுக்கு முன்னால் குந்திக்கொண்டு இரண்டு பேரும் பிளேன்டீ குடிப்பார்கள். ஸுஹைறா பச்சை மிளகாயைக் கருவாட்டோடு கடித்துக் கஞ்சி குடித்தாள்.

2023 தொடக்கத்தில் கணக்கெடுப்பு வந்தது. சமுர்த்தியை நிறுத்திவிட்டுப் புதிய உதவித் திட்டம். நாடு கடன் வாங்க வேண்டுமென்றால் செலவைச் சுருக்க வேண்டும், உதவி தேவையானவர்களுக்கு மட்டும் போக வேண்டும், கட்சிக்காரரின் பட்டியல் கூடாது. இதிலும் ஜெனூபாவுக்கு மறுப்பில்லை. வீடு வீடாகப் போய்க் கேள்விகளைக் கேட்டு, விடைகளைத் தொலைபேசியில் பதிய வேண்டும். புள்ளியை இயந்திரமே போடும். சங்கங்கள் இந்த வேலையைச் செய்யமாட்டோம் என்றன. செயலகத்தில் பாதிப் பேர் ஒதுங்கினார்கள். ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பனவும் இருந்தது. ஜெனூபா ஒப்புக்கொண்டாள்.

பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து வந்தவர் சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "பயப்பட வேண்டாம். இது வெட்டுவதற்கில்லை. விடுபட்டவர்களைச் சேர்ப்பதற்கு. இப்போது எடுப்பவர்கள் தொடர்ந்து எடுப்பார்கள். மக்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்."

ஜெனூபா தன் பிரிவில் இருநூற்றுச் சொச்சம் வீட்டில் அதைத் தெளிவாகச் சொன்னாள்.

ஸுஹைறாவின் வீட்டுக்குப் போனது ஒரு சனிக்கிழமை பகல். ஸஹீத் மண்டபத்தில் கதிரையில் இருந்தான். அவன் பிள்ளை மடியில். றிஸ்லா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். ஸுஹைறா பின்பக்கமிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மருமகன் இருக்கும்போது செய்வதுபோல முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு நிலத்தில் இருந்தாள்.

ஜெனூபா தொலைபேசியைப் பார்த்து வாசித்தாள்.

"ஒரே உலையில சமைச்சுச் சாப்பிடுற ஆக்கள் எல்லாம் ஒரு குடும்பம். வேற வேற உலையெண்டா வேற குடும்பம், ஒரு வீட்டுக்குள்ள இருந்தாலும். சாச்சி, உங்களுக்கு வேறதானே?"

ஸுஹைறா உடனே சொன்னாள். "என்ன கதை கதைக்கிறாய் புள்ள? ஒரே உலைதான்."

"இல்ல, பின்னுக்கு..."

"அது குளிக்கத் தண்ணி காயவைக்கிற அடுப்பு."

ஸஹீத் சிரித்தான். "மாமிக்கு மருமகன் சோறு குடுக்கிறானில்லயெண்டு கொழும்புக்கு எழுதப் போறீங்களா ராத்தா? அப்பிடியே கட்டாருக்கும் ஒரு கொப்பி போடுங்க, அங்க உழைக்கிற என்ட கூடப்பிறந்த காக்காவும் பார்த்துச் சந்தோசப்படட்டும்."

றிஸ்லா சிரிக்கவில்லை. ஸுஹைறா சிரித்தாள். "அவன் விளையாட்டுக்காரன். நீ எழுது."

வெளியில் வைத்து ஸுஹைறாவைத் தனியாகக் கேட்டிருக்கலாம். அன்று இன்னும் பதினான்கு வீடு கிடந்தது. இப்போது எடுப்பவர்கள் தொடர்ந்து எடுப்பார்கள் என்றுதானே சொன்னார்கள். இவர்கள் இரண்டு குடும்பமோ ஒரு குடும்பமோ, பெரிதாக என்ன ஆகப்போகிறது? ஜெனூபா ஒரு குடும்பம் என்று அழுத்தினாள். அடுத்த பக்கம் திறந்தது. ஓட்டோ இருக்கிறது. பிரிட்ஜ் இருக்கிறது. மின்மானியின் இலக்கம், மாதத்துக்கு எத்தனை அலகு. எல்லாம் முன்வீட்டுடையது. எல்லாம் உண்மை.

பட்டியல் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் கிராம உத்தியோகத்தரின் கந்தோர்ச் சுவரில் ஒட்டப்பட்டது. ஸுஹைறாவின் பெயர் இல்லை. சமுர்த்தியும் நின்றுவிட்டது. அந்தப் பிரிவில் அப்படி அறுபத்தெட்டுப் பேர்.

ஸுஹைறா வாடியிலிருந்து நேரே ஜெனூபாவின் வாசலுக்கு வந்தாள். கத்தியைச் சாக்குத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தாள்.

"என்ட பேர் எங்க புள்ள?"

"உள்ளுக்கு வாங்க சாச்சி."

"மீன் மணக்கிற. இஞ்சயே நிக்கிறன். என்ட பேர் எங்க?"

"ஓட்டோ இருக்கிற வீடு எண்டு வெட்டியிருக்கு."

"ஓட்டோ என்டயா?"

"ஒரே உலையெண்டு நீங்கதானே சொன்ன."

"மருமகனுக்கு முன்னால நான் வேற என்னத்தச் சொல்லுற? நீ இந்த ஊர்ப் புள்ளதானே? வெள்ளக்காரியா?" ஸுஹைறா குரலை உயர்த்தவில்லை. "எத்தின நாள் என்ட அடுப்புக்கு முன்னால குந்தியிருந்து தேத்தண்ணி குடிச்சிருக்காய். உன்ட கண்ணால கண்டத எழுதல்ல. நான் வாயால சொன்னத எழுதினாய்."

ஜெனூபா படியிலிருந்து இறங்கி அவளுக்குக் கிட்ட வந்தாள்.

"ஒரு வீட்டுக்கு இவ்வளவெண்டு உங்களுக்குக் காசு தந்தாங்களாமே. என்ட வீட்டுக்கு எவ்வளவு வந்திச்சு?"

அந்தக் கொடுப்பனவு இன்னும் வரவில்லை என்று சொன்னால் அது விடையாகாது.

மேன்முறையீட்டுக்கு ஜூலை பத்து வரை தவணை இருந்தது. ஜெனூபா படிவத்தோடு மறுநாள் வேலி இடைவெளியால் போனாள். ஸஹீத் ஓட்டத்தில் இருந்தான். மூன்று கல்லில் உலை கொதித்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில் பணவீக்கம் வேகமாகக் குறைந்துவருகிறது, நாடு மீண்டும் ஸ்திரமாகிறது என்று செய்தி போனது.

"குறைஞ்சிட்டாமே. அரிசி இண்டைக்கும் அதே விலைதான்" என்றாள் ஸுஹைறா.

"விலை குறையல்ல சாச்சி. ஏறுற வேகம்தான் குறைஞ்சிருக்கு."

"அப்ப ஏறின இடத்திலயேதான் நிக்கிதா?"

"ஓம்."

"மறுகா என்னத்துக்கு அந்தாள் இவ்வளவு சந்தோசமாக் கதைக்கிறாரு?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பட்டியல் ஒட்டியதற்குப் பிறகு முதல் சிரிப்பு. ஜெனூபா படிவத்தை நிரப்பினாள். முறையீட்டாளர் மகளின் வீட்டின் பின்பகுதியில் தனியாகச் சமைத்துத் தனியாக வாழ்கிறார். ஸுஹைறா கடதாசியை வாங்கி விரலை வைத்துச் சொல்லுக்குச் சொல் வாசித்தாள். பிறகு கையெழுத்து வைத்தாள்.

"மருமகனுக்குத் தெரியவேணாம்."

"தெரியாது சாச்சி. கந்தோருக்குள்ள இருக்கிற விசயம்."

படிவம் மட்டும் போதாது என்று ஜெனூபாவுக்குத் தெரியும். இயந்திரத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் என்று இருக்கிறது. பதிந்த உத்தியோகத்தரே அது பிழை என்று சொன்னால் கவனிப்பார்கள். தான் தனி உலையை நேரில் கண்டிருந்தும் ஒரே குடும்பமாகப் பதிந்ததாக ஒரு பக்கக் கூற்று எழுதி, நேசரட்ணத்திடம் கொண்டுபோனாள்.

அவர் இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, பிழையாய்ப் பதிஞ்சன் எண்டு எழுதியிருந்தால் பிழை. கண்டும் பதிஞ்சன் எண்டு எழுதியிருக்கிறீர். அது வேற."

"நடந்தது அதுதான் சேர்."

"நடந்ததை எழுதச் சொல்லி ஆர் கேட்டது? பொய்த் தகவல் குடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எண்டு சுற்றறிக்கையில இருக்கு. இப்ப மேல ஆள் கூடிப்போச்சு, சம்பளச் செலவு கூடிப்போச்சு எண்டு ஒரே கதை. காரணம் தேடிக்கொண்டிருக்கிறாங்கள். நீரே எழுதிக் குடுக்கிறீர்."

"இது இல்லாட்டி அவவுக்குக் கிடைக்காது."

"இது இருந்தால் கிடைக்குமா? ஆள் வந்து பார்ப்பாங்கள். மனிசி அப்ப உள்ளதைச் சொல்லுவாவா?"

"சொல்லுவா சேர். வாசிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்து வைச்சவ."

நேசரட்ணம் பேனாவின் மூடியைக் கழற்றி, திரும்பப் பூட்டி, திரும்பக் கழற்றினார். "நான் பார்த்தன், அனுப்புறன் எண்டு மட்டும் கையெழுத்து வைக்கிறன். சரியெண்டு இல்லை."

அன்று வீட்டில் அஸ்ஹர் கேட்டான். "இதை ஏன் எனக்கிட்டச் சொல்லாமச் செய்தாய்?"

"சொன்னா வேணாமெண்டு சொல்லுவீங்க."

"ஓம், சொல்லுவன். ஆலையில எனக்கு மூண்டு நாள் வேலை. உன்ட சம்பளத்திலதான் இந்த வீட்டில உலை கொதிக்கிது." பிறகு, "பசளைக்கும் இப்பிடித்தான். அவங்க சொல்லுவாங்க, நீ போய் நம்பவைப்பாய். மறுகா அவங்க அங்க, நீ இஞ்ச" என்றான்.

"இந்த முற அவங்க சொல்லல்ல. நானாத்தான் எழுதினன்."

"அதுதான் பயமாயிருக்கு."

ஒக்டோபர் வரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஸுஹைறா மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் போடத் தொடங்கியிருந்தாள். ஒரு நாள் வாடியில் மயங்கி மீன் குவியலுக்குப் பக்கத்தில் சரிந்துவிட்டாள். வெட்டுகிற பெண்கள் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். ஜெனூபா இரண்டு முறை மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். மூன்றாம் முறை ஸுஹைறா கையை நீட்டவில்லை.

"நீ தாறது தர்மம் புள்ள. எனக்கு அது வேணாம். எனக்கு வரவேண்டியதுதான் வேணும்."

விசாரணைக்கு வேறு பிரிவிலிருந்து உத்தியோகத்தர் வருவார் என்று செயலகத்தில் சொன்னார்கள். கூற்று எழுதியவரும் கூட இருக்க வேண்டும். திகதி தெரிந்ததும் ஜெனூபா வேலியால் போய்ச் சொல்ல நினைத்தாள். அந்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல். அறிவித்தல் கடிதம் எப்படியும் தபாலில் போகும்.

வந்தவள் சர்மினி. பாண்டிருப்புப் பக்கம். இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "இண்டைக்கு இது ஒன்பதாவது வீடு மிஸ். ஒரு வீட்டிலயும் ஒருத்தரும் ஏழையில்லையாம், பட்டியலில மட்டும் எல்லாரும் ஏழை" என்று சிரித்தாள்.

ஸஹீத் வீட்டில் இருந்தான். வேலை நாளில் அவன் வீட்டில் இருந்தது ஜெனூபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கதிரையைத் துடைத்துச் சர்மினிக்குப் போட்டான். ஜெனூபாவைப் பார்க்கவில்லை.

சர்மினி பைலைத் திறந்தாள். "நீங்கதானே முறையீடு செய்தது? தனிய சமைச்சுச் சாப்பிடுறதா எழுதியிருக்கு."

ஸுஹைறா முந்தானையை இழுத்துவிட்டு நிலத்தில் இருந்தாள்.

"இல்ல மகள். ஒரே உலைதான்."

"இதில உங்கட கையெழுத்து இருக்கே."

"எனக்கு எழுத்துவாசனை தெரியாது. அந்தப் புள்ள எழுதிக்கொண்டு வந்து இதில வைங்க எண்டிச்சு. வைச்சன்."

ஜெனூபா ஸுஹைறாவைப் பார்த்தாள். ஸுஹைறா சர்மினியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாச்சி" என்றாள் ஜெனூபா.

"கடிதம் வந்திச்சு" என்றான் ஸஹீத், சர்மினியிடம். "தனிய சமைச்சு வாழுற விதவையாம். வீட்டு விலாசத்துக்கு, தபால்காரன் என்ட கையிலதான் தந்தான். மகள்ட வீட்டுக்குப் பின்னால. அப்ப நான் ஆரு? நான் உம்மாட வீட்ட போய் ரெண்டு நாள் இருந்தன். றிஸ்லா வந்து அழுது கூட்டிக்கொண்டு வந்தவ. ஊரில ஓட்டோ ஸ்டேண்டில கதைக்கிறாங்க மிஸ். ஒரு மனிசன் வீட்டுக்குள்ள தலையை நிமித்தி இருக்க வேணாமா?"

உள்ளே றிஸ்லா எதையோ கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

"நான் பின்னுக்குப் பார்க்கலாமா?" என்று சர்மினி கேட்டாள்.

"தாராளமாப் பாருங்க" என்றாள் ஸுஹைறா.

பின்பக்கத்தில் கல் இல்லை. மூன்றும் இல்லை. அந்த இடத்தில் கடற்கரை மணல் கொட்டிப் பரவியிருந்தது. மேலே ஈர்க்குமாற்றின் கீறல்கள். சுவரில் புகை பிடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அவசரமாக அடித்த சுண்ணாம்பு. ஓரிடத்தில் கையளவு கறுப்பு தெரிந்தது.

சர்மினி மணலைப் பார்த்தாள், அறையின் வாசலைப் பார்த்தாள். வேலைக்குப் புதியவள். சுவரில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. திரும்பி முன்னுக்கு நடந்தாள். ஸஹீத் அவளுக்கு வழிவிட்டுப் பின்னால் போனான்.

ஸுஹைறா கிட்ட வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"கந்தோருக்குள்ள இருக்கிற விசயமெண்டு சொன்னாய்."

"எனக்குத் தெரியாது சாச்சி, அவங்க வீட்டு விலாசத்துக்கு..."

"உனக்கு எப்பவும் தெரியாதுதான். வெட்டமாட்டாங்க எண்டாய். வெட்டினாங்க. வெளிய போகாது எண்டாய். போச்சுது." மூச்சு வாங்கினாள். "என்ட மகள்ட வாழ்க்கைய விட்டுப்போட்டு எனக்கென்ன அந்தக் காசு?"

"உங்களுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு சொன்னீங்களே. நான் கள்ளக் கையெழுத்து வாங்கினமாதிரி எழுதுவாங்க. என்ட வேலை போகும்."

"போகாது. உங்களையெல்லாம் அவங்க விடமாட்டாங்க. நீங்க அவங்கட ஆக்கள்."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறாள் என்று ஜெனூபாவுக்கு விளங்கியது. மூன்று வருடமாகச் சுற்றறிக்கைகளோடு வாசலுக்கு வந்த ஒருத்தியைப் பற்றி வேறு எப்படி நம்புவது?

மண்டபத்தில் சர்மினி பைலை முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். ஜெனூபா வந்ததும் நிமிர்ந்தாள்.

"மிஸ், நீங்க ஒண்டு எழுதியிருக்கிறீங்க, இவங்க ஒண்டு சொல்லுறாங்க. நான் எதைப் போடுறது? உங்களுக்கு ஏதும் காட்டுறதுக்கு இருந்தால் காட்டுங்க. நான் படம் எடுத்துச் சேர்க்கிறன்."

சுவரில் அந்தக் கையளவு கறுப்பு இருந்தது. மணலைக் காலால் இரண்டு தரம் தட்டினால் சாம்பல் தெரியும். றிஸ்லாவைக் கூப்பிட்டுக் கேட்டால், அவள் பொய் சொல்லத் தெரியாதவள். ஸஹீத் கதவு நிலையில் நின்றான். ஓட்டோத் திறப்பு அவன் விரலில் தொங்கியது. ஸுஹைறா வந்து முன்னிருந்த இடத்தில் இருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"இல்ல" என்றாள் ஜெனூபா.

"அப்ப உங்கட கூற்றுப் பிழையெண்டு போடவா? எனக்கு வேற வழியில்லை மிஸ். இதில ரெண்டு பெட்டிதான் இருக்கு."

"போடுங்க."

சர்மினி போட்டாள். மேன்முறையீடு நிராகரிக்கப்படுகிறது. உத்தியோகத்தரின் கூற்று உண்மைக்குப் புறம்பானது. பிறகு பைலை நீட்டி, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினாள்.

றிஸ்லா தேத்தண்ணி கொண்டுவந்தாள். இரண்டு கோப்பை.

"குடிங்க மகள், வெயிலில வந்திருக்கிறீங்க" என்றாள் ஸுஹைறா சர்மினியிடம். பிறகு மற்றக் கோப்பையை ஜெனூபாவின் பக்கம் நகர்த்திவைத்து, "மிஸ்ஸும் குடிங்க" என்றாள்.

ஜெனூபா பேனாவை வாங்கினாள். கையெழுத்து வைத்தாள். கீழே பெயரை எழுதி, பதவியை எழுதி, திகதி போட்டாள். கைக்கு அருகில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.